ஹைட்ராலிக் சிலிண்டர் முனையில் உருண்டை பேரிங் மாட்டும் முறை

டிராக்டர் லோடர், டிப்பர் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் சிலிண்டர் முனையில் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே உருண்டை பேரிங்கைப் பாருங்கள். இதில் குண்டுகள் கிடையாது. உருண்டையான உள்வளையம், அதைச் சுற்றி வெளிவளையம், இரண்டும் ஒன்றோடொன்று உரசித் திரும்பும். பின் கொஞ்சம் சாய்ந்தாலும் தாங்குவது இதனால்தான்.

கழற்றும் முன் லோடரைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை முன்னும் பின்னும் அசைத்து எண்ணெய் அழுத்தத்தை வெளியேற்றுங்கள். டிப்பர் தொட்டியைத் தூக்கித்தான் வேலை செய்ய முடியும் என்றால் இரும்புத் தாங்கி கொடுக்காமல் அடியில் கை வைக்கவே கூடாது. பின்னை உருவினால் தொட்டியைத் தாங்க சிலிண்டர் இருக்காது.

புது பேரிங்கைப் பழைய பேரிங்கில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள். உதாரணமாக ஜிஇ 25 இஎஸ் என்றால் உள்துளை 25 மி.மீ., வெளி விட்டம் 42 மி.மீ., உள்வளைய அகலம் 20, வெளிவளைய அகலம் 16. அதாவது உள்வளையம் இரு பக்கமும் 2 மி.மீ. துருத்தி நிற்கும். தட்டையான இரும்பை வைத்து அடித்தால் அடி முழுவதும் உள்வளையத்தில் விழுந்து, உரசும் பரப்பு அங்கேயே கெட்டுவிடும். பல பட்டறைகளில் நடக்கும் தவறு இது. வெளிவளையத்தை மட்டும் தொடும் அளவில் ஒரு குழாய்த் துண்டை வைத்து, பிரஸ்ஸிலோ பெரிய வைஸிலோ நேராக அழுத்துங்கள். பின் உள்ளே போகும்போது மட்டும் உள்வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும்.

வெளிவளையத்தில் ஓர் இடத்தில் விரிசல் போன்ற வெட்டு இருக்கும். அது பழுது அல்ல. உள்வளையத்தை நுழைக்கவே அப்படிச் செய்கிறார்கள். அந்த வெட்டு சுமை வரும் திசையில் இருக்கக் கூடாது. சிலிண்டர் தண்டு நீளும் திசைக்குக் குறுக்காக, பக்கவாட்டில் வரும்படி வையுங்கள்.

துளையை மண்ணெண்ணெயில் துடைத்து, சொரசொரப்பை எமரி தாளால் நீக்குங்கள். பேரிங் கையாலேயே தளர்வாக உள்ளே போனால் துளை தேய்ந்துவிட்டது என்று பொருள். பஞ்ச் அடித்தோ தகடு செருகியோ இறுக்குவது சில நாள்தான் தாங்கும். லேத் பட்டறையில் துளையைச் சரிசெய்து வாங்குவதே மலிவு. கேஸ் நெருப்பைக் காட்டாதீர்கள், சிலிண்டர் சீல் போய்விடும். பக்கத்தில் வெல்டிங் வைப்பதென்றால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாயாதபடி எர்த் கிளிப்பை வெல்டிங் இடத்தை ஒட்டியே மாட்டுங்கள்.

இரண்டு சர்க்கிளிப்பும் காடியில் முழுதாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். பிறகு ஓரத்தில் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை கிரீஸ் கன் அடியுங்கள். சேற்று வேலை முடிந்த அன்றே மறுபடி அடித்தால் உள்ளே போன தண்ணீரும் மண்ணும் வெளியே வந்துவிடும். டெஃப்ளான் பூச்சுள்ள ரகத்துக்கு மட்டும் கிரீஸ் தேவையில்லை, கடையில் கேட்டு வாங்குங்கள்.