பாலத்துக்கு அப்புறமும் பாக்கி இருந்தது

நம்ம அக்காள்மடம் தீவுக்குள்ள இருக்கிற ஊர். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் வந்தது. ஆனா பிரசவ வலி ரயில் நேரம் பார்த்தா வரும்? 1988 அக்டோபர் 2-ல் சாலைப் பாலம் திறந்த பிறகுதான் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு ராத்திரியிலும் வண்டியில் போக முடிந்தது. 2008-ல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் தொடங்கியது.

அவசரத்துக்கு வழி கிடைச்சுது. தினமும் போடுற சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு? ஒரு நாள் கூலியை விட முடியாம மாத்திரையை விட்டவங்க நம்மில் எத்தனை பேர்!

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்தக் குறையைத்தான் தொட்டது. மகளிர் குழுப் பெண்களே தன்னார்வலர்களாகி, வீடு வீடாகப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்தாங்க. படுக்கையில் கிடப்பவர்களுக்கு வலி தணிக்கும் கவனிப்பும், இயன்முறைப் பயிற்சியும் வீட்டுக்கே வந்தன. அந்தப் பெண்களுக்குக் கிடைப்பது சம்பளமில்லை, மாத ஊக்கத்தொகைதான். அதையும் இந்த மலரில் எழுதி வைக்கிறோம்.