பேராசிரியர் யஸ்மின் குணரத்னவும் பழைய ஏடுகளும்

இலங்கையில் ஆங்கில இலக்கியம் நெடுங்காலமாகக் கடல் கடந்து வந்த பாடமாகவே இருந்தது. சோசர், சேக்ஸ்பியர், மில்டன் எனப் படித்துச் சித்தியடைவதே வழக்கம். இந்த மண்ணில் எழுதப்பட்ட ஆங்கிலமும் ஆராயத்தக்கது என எண்ணியோர் சிலரே. அவர்களுள் முன்னணியில் வைத்து எண்ணத்தக்கவர் பேராசிரியர் யஸ்மின் குணரத்ன.

1935 இல் பிறந்த இவர் கொழும்பு பிஷப்ஸ் கல்லூரியின் பழைய மாணவி. 1959 இல் பேராதனையில் முதலாம் வகுப்பில் சித்தியெய்தி, 1962 இல் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றார். கேம்பிரிட்ஜுக்குப் போனவர் ஆங்கிலப் பெருங்கவிஞர் ஒருவரை ஆய்வுக்கு எடுத்திருந்தால் எவரும் வியந்திருக்கமாட்டார்கள். இவரோ பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையின் ஆங்கில எழுத்தை எடுத்துக்கொண்டார். 1815 முதல் 1878 வரையான காலத்தைப் பற்றிய அவரது நூல் 1968 இல் வெளியாயிற்று. சார்ள்ஸ் அம்புரோஸ் லோரன்ஸ் முதலான பறங்கிய இளைஞர்கள் 1850 இல் தொடங்கிய 'யங் சிலோன்' போன்ற, எவரும் தேடாத இதழ்களை அவர் தேடிப் படித்தார். அவற்றிற் பல உயர்ந்த இலக்கியம் அல்லதான். ஆயினும் இரவல் மொழியில் ஒரு சிறு சமூகம் தன் ஊரைப் பற்றிப் பேசப் பழகியதை வேறெங்கே காண்பது?

இதனால் ஆங்கிலேய எழுத்தாளரை அவர் ஒதுக்கினார் என்று கொள்ளவேண்டாம். ஜேன் ஒஸ்ரின் பற்றி 1970 இலும், அலெக்சாண்டர் போப் பற்றி 1976 இலும் நூல்கள் எழுதினார். 1970 இலேயே 'நியூ சிலோன் ரைட்டிங்' என்ற இதழையும் தொடங்கினார். 1972 இல் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து சிட்னியின் மக்குவாரிப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தார். 1991 இல் வந்த அவரது முதல் நாவலில், அங்கு குடியேறும் பரத், நவரஞ்சினி தம்பதியர் பாரி, ஜீன் ஆகிவிடுகின்றனர். சிட்னியிலும் ரொறன்ரோவிலும் உள்ள எம் தோழியர் சிலர் இதைப் படித்துத் தமக்குள் சிரிக்கக்கூடும்.

அவர் பிறந்தது பண்டாரநாயக்க குடும்பத்தில். 1956 இல் தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமரும் அக்குடும்பத்தவரே. உறவினரைப் பற்றி 1986 இல் ஒரு நூல் எழுதியவர், அந்த மொழிப் பிரச்சினையின் காலத்தை 2006 இல் ஒரு நாவலுக்குக் களமாக்கினார். அச்சட்டத்தின் விளைவை அனுபவித்தவர்களாகிய நாம் அதை அவசியம் படிக்கவேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு பணி. யாழ்ப்பாணத்திலும் பின்னர் அம்பாந்தோட்டையிலும் உத்தியோகம் பார்த்த லெனாட் வூல்ஃப், 1913 இல் இலங்கைக் காட்டுக் கிராமம் ஒன்றைப் பற்றி நாவல் வெளியிட்டார். அதன் கையெழுத்துப் பிரதி பேராதனை நூலகத்தில் உள்ளது. அச்சுநூலை அதனுடன் ஒப்பிட்டுத் திருத்திய பதிப்பைக் குணரத்ன 2004 இல் குறிப்புகளுடன் வெளியிட்டார். மூலப்பிரதி பத்திரமாக இருந்தபடியால் அது இயன்றது.

வடக்கில் 1841 இலேயே 'உதயதாரகை' தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ஆனால் 1981 இல் யாழ். பொது நூலகத்துடன் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களையும் சுவடிகளையும் இனி எவர் ஒப்பிட்டுப் பார்ப்பது? பழைய பாடசாலைச் சஞ்சிகைகளோ ஆங்கிலக் கட்டுரைக் கொப்பிகளோ உங்கள் வீட்டுப் பெட்டகங்களில் இருந்தால், ஒரு பிரதியையாவது கல்லூரி நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள்.