தூதும் ஒற்றும்: எல்லைப்புறத்தில் ஓர் எண்ணின் வரலாறு

தகடூர் அதியமான் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றதைப் புறநானூறு காட்டுகிறது. அத்தகடூரே இன்றைய தருமபுரி. 1965 முதல் 2004 வரை ஓசூரும் கிருஷ்ணகிரியும் அம்மாவட்டத்திலேயே அடங்கியிருந்தன. பகைகொண்ட மன்னரிடையே சொல் சுமந்தவர் ஒரு புலவர் என்பது நம் வட்டத்தார்க்குப் பெருமிதம் தருவதாகும்.

வள்ளுவர் ஒற்றாடல், தூது என இரண்டு அதிகாரங்களை வகுத்தார். ஒற்றன் வேற்றிடத்துச் செய்தியைத் தன் வேந்தன் செவிக்கு மட்டும் கொணர்பவன். தூதனோ மாற்றான் அவையில் தன் தரப்பை அவன் உணருமாறு உரைப்பவன். மக்களாட்சியில் வேந்தன் இருந்த இடத்தில் வாக்காளன் இருக்கிறான். அவனுக்கு நாளிதழ்கள் ஒற்றாயினவா, தூதாயினவா? காவிரி வழக்கே சான்று.

நடுவர் மன்றம் 25-6-1991 அன்று தமிழகத்துக்கு 205 டி.எம்.சி. என இடைக்கால ஆணை தந்தது. டிசம்பர் 11இல் அது மைய அரசிதழில் வெளிவந்தது. அடுத்த நாட்களில் பெங்களூரில் தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. குடும்பங்கள் எல்லை கடந்து தமிழகத்துள் வந்தன.

2007 பிப்ரவரி 5இல் வந்த இறுதித் தீர்ப்பில் தமிழகத்துக்கு 419, கர்நாடகத்துக்கு 270. இவ்விரு எண்களை மட்டும் அருகருகே காணும் கன்னட வாசகர், 419ஐயும் தாமே அனுப்ப வேண்டும் என மயங்குவது இயல்பே. உண்மையில் கர்நாடகம் விடவேண்டியது 192. மேட்டூருக்குக் கீழ்ப் பவானி, அமராவதி முதலியன கொணரும் நீரும் 419இல் அடங்கும். நம் பக்கத்து மயக்கமும் ஒன்று உண்டு: 205 இப்போது 192 ஆகக் குறைந்தது என்பது. முன்னது மேட்டூரில் அளப்பது. பின்னது நம் மாவட்ட எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளப்பது. இடையே தமிழகச் சிற்றாறுகள் சேர்கின்றன. ஆகவே நேராகக் கழித்துப் பார்த்தல் பிழை. தலைப்பு ஒரு வரி. இவ்விளக்கத்திற்கோ அரைப் பக்கம் வேண்டும்.

2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழிளைஞர் ஒருவர் தாக்கப்பட்ட காட்சியும், இராமேசுவரத்தில் கர்நாடக ஓட்டுநர் தாக்கப்பட்ட காட்சியும் கைப்பேசிகளில் பரவின. 12ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நொடிக்கு 15,000 கன அடியை 12,000 ஆகக் குறைத்து, நாட்களைக் கூட்டியது. அன்றே பெங்களூரில் தமிழகப் பேருந்துகளும் சரக்குந்துகளும் எரிந்தன. கைப்பேசியைப் பழிப்பார் பலர். 1991இல் அது ஏது?

2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் 192ஐ 177.25 ஆக்கியது. குறைத்த 14.75இல் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு; அந்நீரைத் தமிழரும் பருகுகின்றனர் என்பதை நம்மவர் நினைப்பதில்லை.

ஓசூரில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிப்பன. சிப்காட் ஆலைகளில் ஒரே பொறியின் இருபுறமும் இருமொழியார் நிற்கின்றனர். எனினும் காவிரி குறித்த கன்னடத் தலையங்கம் ஒன்று, தமிழாக்கம் பெற்று இங்குள்ள வாசகர் கைக்கு வந்ததை யான் இன்னும் கண்டிலேன்.