ஷாஇர்: ஒரு சொல்லின் வேர்

கவிஞரை அரபி மொழி ‘ஷாஇர்’ என அழைக்கிறது. பாட்டுக் கட்டுபவர் என்றே இன்று நாம் பொருள் கொள்கிறோம். ஆயின் அச்சொல்லின் வேரில் பாட்டும் இல்லை, யாப்பும் இல்லை. ‘ஷஅர’ என்றால் உணர்ந்தான், அறிந்தான் என்பதே பொருள். நயவஞ்சகர் தம் நிலையை உணராதிருப்பதைத் திருக்குர்ஆன் (2:9, 12) சுட்டுமிடத்தில் இவ்வினையே வருகிறது. ‘லைத்த ஷிஃரீ’ எனும் பழவழக்குக்கு ‘நான் அறிந்திருக்கலாகாதா’ என்பது கருத்து. அங்கே ‘ஷிஃர்’ கவிதையன்று, அறிவு. இறைச்சின்னங்களைக் குறிக்கும் ‘ஷஆயிர்’, முஸ்தலிஃபாவின் ‘மஷ்அருல் ஹராம்’ ஆகியனவும் இக்குடும்பத்தவையே. பிறருக்குப் புலப்படாததை உணர்பவர் என்பதால் இப்பெயர் வந்தது என்பார், ஹிஜ்ரி 395இல் மறைந்த மொழியறிஞர் இப்னு ஃபாரிஸ்.

எங்கிருந்து உணர்கிறார்? அறியாமைக் கால அரபியர் இதற்கு வைத்திருந்த விடை ஜின். பெருங்கவிஞர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜின் துணையுண்டு என நம்பினர். அஃஷா எனும் கவிஞரின் ஜின்னுக்கு மிஸ்ஹல் என்று பெயர்கூட வழங்கிற்று! பகைவர்மேல் பாடப்படும் வசை, வாளுக்கு நிகரான ஆயுதமாக அஞ்சப்பட்டது.

இப்பின்னணியை மறந்தால் குறைஷியரின் குற்றச்சாட்டு நமக்கு விளங்காது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை ‘ஷாஇர்’ என்றவர்கள் யாப்பறியாதவர்களா? குர்ஆன் தங்கள் செய்யுள் அளவைகளில் அடங்காதது என்பது அவர்களுக்குத் தெரியும். ‘மஜ்னூன்’, அதாவது ஜின் பிடித்தவர், என்ற சொல்லை அதனோடு சேர்த்தே கூறினர் (37:36). ‘அல்ஹாக்கா’ அத்தியாயமும் கவிஞரையும் குறிகாரரையும் அடுத்தடுத்து நிறுத்தி, இது இருவர் சொல்லுமன்று என மறுக்கிறது (69:41, 42). வழக்கு ஓசையைப் பற்றியதன்று. சொல் எவரிடமிருந்து வருகிறது என்பதைப் பற்றியது.

இஸ்லாம் கவிதையையே விலக்கிற்று என மேடைகளில் முழங்குவோர் சிலர் நம்மிடையே உண்டு. ‘அஷ்ஷுஅரா’ அத்தியாயத்தின் 224 முதல் 226 வரையான வசனங்களை ஓதிவிட்டு நிறுத்திக்கொள்வர். நம்பிக்கை கொண்டு நற்செயல் புரியும் கவிஞருக்கு விலக்களிக்கும் 227ஆம் வசனம் என்னவாயிற்று? ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்காக மஸ்ஜிதுன் நபவியில் மிம்பர் வைக்கப்பட்ட ஹதீஸை மத்ரஸா மாணவரும் அறிவரே!

தமிழின் ‘புலவர்’ என்ற சொல்லும் ‘புலம்’ என்பதிலிருந்து பிறந்ததே. புலமாவது அறிவு, உணர்வு. இரு மொழிகளும் தனித்தனியே நடந்து ஒரே இடத்தை அடைந்திருக்கின்றன. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை 1842இல் அச்சேற்றியவர் சேகனாப் புலவர். செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் என்பது அவரது பெயர். ஆலிம் என்றும் புலவர் என்றும் நம் முன்னோர் அவரை ஒருங்கே அழைத்தனர்.