மைனர் சொத்து

ஜமீன்தார் கண்ணை மூடி, வாரிசு மைனராக இருந்துவிட்டால், பழைய சென்னை மாகாணத்தில் 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்' வந்து எஸ்டேட்டை எடுத்துக்கொள்ளும். சொத்தைப் பராமரிக்கத் தகுதியில்லாதவர் என்று சர்க்கார் தீர்மானித்த ஜமீன்தாருக்கும் அதே கதிதான். ஒரு மானேஜர் வருவார். கடனை அடைத்து, கணக்கை ஒழுங்கு செய்து, உரிய காலத்தில் சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார். அப்படித்தான் சட்டம் நினைத்தது. கதை எழுதுகிறவர்களுக்குக் கார்டியன் என்ற பாத்திரத்தின்மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. எடுக்கும்போது கஜானாவில் எவ்வளவு, கொடுக்கும்போது எவ்வளவு என்ற இரண்டு தொகைகளுக்கு நடுவில் ஒரு முழு நாவலே ஒளிந்திருக்கும்.

அமெரிக்காவில் டிட்ராய்ட் நகரத்துப் பள்ளிக்கூடங்களின் சரித்திரத்தைப் படித்தபோது, அந்த இரண்டு தொகைகளைத்தான் நான் முதலில் தேடினேன்.

அங்கே 'பள்ளி ஜில்லா' என்பது நம் கலெக்டர் ஜில்லா அல்ல. பள்ளிக்கூடங்களை நடத்துவதற்கென்றே உள்ள தனி ஸ்தாபனம் அது. எல்லை தனி, ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் போர்டு தனி, வரி போடவும் கடன் வாங்கவும் அதற்கே அதிகாரம் உண்டு. நம் பாட்டனார் காலத்து ஜில்லா போர்டைக் கல்விக்கு மட்டும் என்று குறுக்கிவிட்டால் ஏறக்குறைய அதுதான்.

மோட்டார் கார்களின் தலைநகராக இருந்த டிட்ராய்டில் 1950இல் பதினெட்டரை லட்சம் ஜனங்கள் வசித்தார்கள். 1966இல் பள்ளிகளில் ஏறக்குறைய 3 லட்சம் பிள்ளைகள். பிறகு தொழிற்சாலைகள் போயின. வெள்ளைக்காரக் குடும்பங்கள் எல்லைக்கு வெளியே புறநகர்களுக்குப் போயின. நகரத்தையும் புறநகர்களையும் சேர்த்துப் பள்ளிப் பிள்ளைகளைக் கலந்து படிக்க வைக்கலாம் என்ற யோசனையை 1974இல் சுப்ரீம் கோர்ட், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், தள்ளிவிட்டது. எல்லைக்கோடு அப்படியே நின்றது. உள்ளே கறுப்பர்களும் ஏழைகளும். வெளியே வசதியும் வரிப்பணமும்.

1994இல் மிச்சிகன் ராஜ்யம் பள்ளிகளுக்குப் பணம் கொடுக்கும் முறையை மாற்றியது. வீட்டு வரியை நம்பியிருந்த நிலை போய், பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று ராஜ்ய சர்க்காரே கொடுக்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளை வேறு பள்ளிக்குப் போனால் பணமும் கூடவே போய்விடும். அந்தக் காலத்திலேயே சர்க்கார் பணத்தில் தனியார் நடத்தும் 'சார்ட்டர்' பள்ளிகளும் முளைத்தன. வகுப்புக்கு இரண்டு பேராக ஒரு பள்ளியிலிருந்து முப்பது பிள்ளைகள் விலகினால், முப்பது தலைக்குரிய பணம் போகிறது. ஆனால் உபாத்தியாயர் ஒருவரைக்கூடக் குறைக்க முடியாது. குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லருக்குப் பிள்ளைகளை எண்ணத் தெரியாது. அடுத்த வருஷம் ஓவிய வகுப்பை நிறுத்துவார்கள். அதைப் பார்த்து இன்னும் இருபது பிள்ளைகள் விலகும். இந்தச் சுழலை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் மேலே நடந்தது எதையும் புரிந்துகொள்ள முடியாது.

இனி கார்டியன் வருகிறார். 1999இல் ஜான் எங்லர் என்பவர் கவர்னர். டிட்ராய்ட் பள்ளிகளில் தேர்ச்சி குறைவு, பாதியில் நிற்பவர்கள் அதிகம், நிர்வாகம் சரியில்லை என்று சொல்லி, ஜனங்கள் தேர்ந்தெடுத்த போர்டைச் சட்டசபை ஒதுக்கி வைத்தது. ஏழு பேர் கொண்ட புதுப் போர்டில் ஆறு பேரை மேயர் நியமிப்பார்; ஏழாவது ஆசனம் ராஜ்ய சர்க்காரின் ஆளுக்கு. சொன்ன குற்றங்களில் பொய்யில்லை என்றே நினைக்கிறேன். போர்டுக்குள் சண்டைக்கும் சிபாரிசுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அன்றைய கஜானாவில் கடன் இல்லை. ஏறக்குறைய 9 கோடியே 30 லட்சம் டாலர் உபரி இருந்தது. அது போக, கட்டடங்களைப் புதுப்பிக்க 150 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு 1994இலேயே நகரத்து ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுமதி கொடுத்திருந்தார்கள். அந்தக் காண்டிராக்டுகள் யார் கைக்குப் போகும் என்பதற்காகத்தான் இந்த அவசரம் என்று சந்தேகப்பட்டவர்கள் அன்றே இருந்தார்கள்.

ஆறு வருஷம் கழித்து, ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் போர்டைத் திரும்பப் பெற்றார்கள். 2006இல் புதிய அங்கத்தினர்கள் வந்து உட்கார்ந்தபோது உபரி காணோம். தலைமேல் 20 கோடி டாலருக்கு மேல் கடன் நின்றது. அந்தப் போர்டும் சாமர்த்தியமாக நடந்துகொள்ளவில்லை. அந்த வருஷமே உபாத்தியாயர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் போய்க்கொண்டேயிருந்தன. 2008 டிசம்பரில் ராஜ்ய சர்க்கார் 'பண நெருக்கடி' என்று பிரகடனம் செய்து, மறு வருஷம் ராபர்ட் பாப் என்பவரை 'அவசர நிர்வாகி' என்று அனுப்பியது. அந்த 2009இல் நடந்த தேசியக் கணக்குப் பரீட்சையில் டிட்ராய்ட் பிள்ளைகள் வாங்கிய மதிப்பெண், அந்தப் பரீட்சையின் சரித்திரத்திலேயே மிகக் குறைந்தது.

அவசர நிர்வாகி என்றால் நம் ஊர் ஸ்பெஷல் ஆபீசர்தான். 1973 முதல் 1996 வரை சென்னை மாநகராட்சி கவுன்சில் இல்லாமல் ஸ்பெஷல் ஆபீசர்களின் கையில் இருந்ததை நாம் அறிவோம். டிட்ராய்டில் ஒரு வித்தியாசம். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டைக் கலைக்கவில்லை. தேர்தல் நடந்தது, அங்கத்தினர்கள் கூடினார்கள், தீர்மானம் போட்டார்கள். அதிகாரம் மட்டும் இல்லை. தேசப்பிரஷ்டம் செய்யப்பட்ட போர்டு என்றே அதற்குப் பெயர் வந்தது.

2011இல் ஒரு புதுச் சட்டம் நிர்வாகிகளின் அதிகாரத்தை இன்னும் பெருக்கிற்று. தொழிற்சங்க ஒப்பந்தங்களைக்கூட அவர்கள் மாற்றலாம். 2012 நவம்பரில் மிச்சிகன் ஜனங்கள் சர்வஜன வாக்கெடுப்பில் அந்தச் சட்டத்தைத் தள்ளினார்கள். அடுத்த மாதமே சட்டசபை ஏறக்குறைய அதேபோல் இன்னொரு சட்டம் செய்தது. இந்தத் தடவை அதற்குள் ஒரு சிறு பண ஒதுக்கீட்டையும் சொருகியிருந்தார்கள். பணம் ஒதுக்கும் சட்டத்தை வாக்கெடுப்புக்கு விடக்கூடாது என்பது அந்த ராஜ்யத்து அரசியல் சாசனம்! எந்த வில்லனுக்கும் இப்படி ஒரு யோசனையைக் கொடுக்க எனக்குத் துணிவு வந்திருக்காது, வாசகர்கள் நம்பமாட்டார்கள்.

இதற்கு நடுவில் காதரின் பெர்குசன் அகாடமி என்று ஒரு பள்ளி. கர்ப்பிணிகளான பெண்களுக்கும், இளம் வயதில் தாயான பெண்களுக்கும் உரியது. அம்மா வகுப்பில் இருக்கும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கேயே ஏற்பாடு. பின்புறத்தில் பிள்ளைகளே வளர்த்த தோட்டமும் ஆடு கோழிகளும். மூடப்போகும் பள்ளிகளின் ஜாபிதாவில் அதன் பெயரும் வந்தது. 2011 ஏப்ரலில் மாணவிகள் பள்ளிக்குள் உட்கார்ந்து வெளியேற மறுத்தார்கள். போலீசார் விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள். பிறகு அது சார்ட்டர் பள்ளியாக மாற்றப்பட்டுப் பிழைத்தது. 2014இல் மூடிவிட்டார்கள்.

நிர்வாகிகள் ஒருவர் பின் ஒருவராக நால்வர் வந்தார்கள். பாபுக்குப் பின் ராய் ராபர்ட்ஸ், ஜாக் மார்ட்டின், 2015இல் டார்னெல் எர்லி. இந்த எர்லி, பிளின்ட் நகரம் 2014இல் நதித் தண்ணீருக்கு மாறி ஈயம் கலந்த நீரைக் குடிக்க நேர்ந்தபோது அங்கே அவசர நிர்வாகியாக இருந்தவர். டஜன் கணக்கில் பள்ளிகள் மூடப்பட்டன, சம்பளம் வெட்டப்பட்டது, மிக மோசமான 15 பள்ளிகளை 2012இல் தனியாகப் பிரித்து வேறொரு அமைப்பிடம் கொடுத்தார்கள், ஐந்து வருஷத்தில் அதுவும் கலைந்தது. இவ்வளவுக்கும் கடன் குறையவில்லை. பழைய கடனை அடைக்கப் புதுக்கடன். பென்ஷன் நிதிக்குக் கட்ட வேண்டியது பாக்கி. சிக்கனம் செய்யத் தெரியாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும் பள்ளியில் சிக்கனம் செய்தால் இன்னும் பிள்ளைகள் ஓடும் என்ற விஷயம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வரவில்லை. 2015இல் மிஞ்சியவர்கள் ஏறக்குறைய 47 ஆயிரம் பேர்.

2016 ஜனவரியில் உபாத்தியாயர்கள் தெருவுக்கு வந்தார்கள். மிச்சிகனில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம். ஆகவே எல்லோருக்கும் ஒரே நாளில் உடம்பு சரியில்லாமல் போயிற்று. ஜனவரி 20 அன்று, ஜனாதிபதி ஒபாமா கார்க் கண்காட்சி பார்க்க அதே நகரத்துக்கு வந்த நாளில், 88 பள்ளிகள் மூடிக் கிடந்தன. சுவரில் பூசணம், உப்பி எழுந்த விளையாட்டுக்கூடத் தரை, செத்த எலி என்று படங்கள் நாடெங்கும் பரவின. மார்ச்சில், பள்ளிக்கு வராத சாமான்களுக்குப் பட்டியல் எழுதிக் கமிஷன் வாங்கியதாக இந்நாள் முன்னாள் தலைமையாசிரியர்கள் பன்னிரண்டு பேர்மேல் வழக்கு வந்தது. நிர்வாகம் சரியில்லை என்று சொல்லித்தானே கார்டியன் வந்தார்? மே மாதம், ஜூன் 30க்குப் பிறகு சம்பளம் கொடுக்கப் பணமில்லை என்ற செய்தி. பள்ளி நாட்களில் உழைத்ததற்கு வருஷம் முழுவதும் தவணையில் சம்பளம் வாங்குகிறவர்கள் அவர்களில் பலர். உழைத்து முடித்த வேலைக்கே கூலி இல்லை என்று ஆயிற்று. மறுபடியும் 'காய்ச்சல்' வந்தது.

ஜூனில் சட்டசபை 61 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்து ஸ்தாபனத்தை இரண்டாகப் பிளந்தது. பிள்ளைகளும் உபாத்தியாயர்களும் கட்டடங்களும் புதிய ஜில்லாவுக்கு. பழைய ஜில்லாவுக்குப் பள்ளிகளே கிடையாது. வரி வசூல் செய்து கடனை அடைப்பது ஒன்றே அதற்கு வைத்த வேலை. 2017 ஜனவரியில், ஜனங்கள் தேர்ந்தெடுத்த போர்டு அதிகாரத்தோடு பதவி ஏற்றது. 1999இலிருந்து எண்ணினால் 18 வருஷம். அதில் ஏறக்குறைய 15 வருஷம் சாவி வேறு கையில்.

இவ்வளவும் சகித்துவிடலாம். எனக்குச் சகிக்காதது ஒரு வாக்குமூலம். 2016 செப்டம்பரில் டிட்ராய்ட் மாணவர்கள் ஏழு பேர், எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பையே சர்க்கார் எங்களுக்குத் தரவில்லை என்று பெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். ராஜ்ய சர்க்காரின் வக்கீல்கள் சொன்ன சமாதானங்களில் ஒன்று, அந்தப் பள்ளிகளை நடத்தியது நாங்கள் அல்ல என்பது. 2018இல் ஜில்லா கோர்ட் வழக்கைத் தள்ளியது. 2020 ஏப்ரலில் அப்பீல் கோர்ட் நீதிபதிகள் மூவரில் இருவர், எழுத்தறிவு அடிப்படை உரிமை என்றார்கள். மே மாதம் புதிய கவர்னர் கிரெட்சன் விட்மர் சமரசம் செய்துகொண்டார். சில நாட்களுக்குள், வழக்கை முழு பெஞ்சு மறுபடி விசாரிப்பதற்காக அந்தத் தீர்ப்பும் ரத்தாயிற்று. சமரசம் ஏற்பட்டுவிட்டதால் விசாரணை நடக்கவில்லை. பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க 9 கோடியே 44 லட்சம் டாலர் கேட்டுச் சட்டசபைக்குப் போவதாகச் சமரசத்தில் எழுதியிருந்தது. சட்டசபை அந்தத் தொகையை ஒதுக்கிய வருஷம் 2023. வழக்குப் போட்ட அன்று டிட்ராய்டில் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை அந்த இலையுதிர் காலத்தில் எட்டாம் வகுப்புக்கு வந்திருக்கும்.