முதியோர் பராமரிப்பு இல்லங்களில் சுவாச வைரஸ் தடுப்பூசி (அமெரிக்கா)

தமிழ்நாட்டில் 'நர்சிங் ஹோம்' என்றால் சிறு தனியார் மருத்துவமனை. அமெரிக்காவில் அது, நெடுநாள் பராமரிப்பு தேவைப்படும் முதியோர் தங்கி வாழும் இல்லம். பொது உணவுக்கூடம், இருவர் பகிரும் அறை, அறைக்கு அறை சென்று கவனிக்கும் பணியாளர்கள் என்ற சூழலில் இன்ஃபுளுவென்சா (ஃப்ளூ), கோவிட்-19, சுவாசப்பாதையைத் தாக்கும் மற்றொரு வைரஸான ஆர்.எஸ்.வி. மூன்றும் எளிதில் பரவும். 2020 தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலக் கிர்க்லண்ட் நகர இல்லமொன்றில் நேர்ந்த கோவிட் மரணங்கள் இதை வேதனையோடு உணர்த்தின. அந்த டிசம்பரில் கோவிட் தடுப்பூசி வந்தபோது, மருத்துவப் பணியாளர்களோடு இல்லவாசிகளுக்கும் முதலிடம் தந்தது சரியான முடிவு.

முதுமையில் நோயெதிர்ப்பாற்றல் தளர்வதால் வழக்கமான ஃப்ளூ ஊசியின் பலன் குறைகிறது. நோயெதிர்ப்பைத் தூண்டும் ஆன்டிஜெனை நான்கு மடங்கு கொண்ட ஊசியை 2013-14 ஃப்ளூ பருவத்தில் 823 இல்லங்களில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், சுவாச நோயால் மருத்துவமனையில் சேர்வது குறைந்தது. அதையும் வேறு இரு வகைகளையும் 65 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு முதன்மையாகத் தரும் பரிந்துரை 2022இல் வந்தது.

ஆர்.எஸ்.வி. தடுப்பூசி 2023 மே மாதம் ஒப்புதல் பெற்றது. ஃப்ளூ, கோவிட் ஊசிகளின் செலவை முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேரின் 'பி' பிரிவு ஏற்க, இது மட்டும் மருந்துக் காப்பீடான 'டி' பிரிவில் சேர்ந்தது. அந்தத் தனிக் கணக்குவழக்கு இல்லங்களுக்குக் கூடுதல் சுமை. மறதிநோய் முற்றியவர்களுக்கு ஊசி போடக் குடும்பத்தாரின் சம்மதத்தைத் தேடிப் பெறவேண்டியும் இருக்கிறது.