முன்களத்திலிருந்து பயிற்சிக் களத்துக்கு: சாந்தி மல்லிக்கும் பியா சுந்தாகேயும்

மலையகத்தில் திம்புள்ளப் பகுதியின் விளையாட்டு வரலாற்றைத் தேடினால், முதலில் எதிர்ப்படுவது துரைமாரின் கழகம். திம்புள்ள தடகள, கிரிக்கெட் கழகம் 1856இல், கோப்பிக் காலத்திலேயே தோன்றியது. ரதெல்லவில் அதன் மைதானம் இன்றும் இருக்கிறது. அந்த மைதானத்தைச் சுற்றிக் கொழுந்து பறித்தவர்களின் பெண்பிள்ளைகள் அந்த வரலாற்றில் இல்லை. ஆடுகளத்தில் இடம் கிடைத்த பெண்களுக்கும் ஆட்டம் முடிந்தபின் என்ன ஆனது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

அண்டை நாடான இந்தியாவிலிருந்து தொடங்குவோம். அங்கே பெண்கள் உதைபந்தாட்டத்துக்கென்று தனிச் சம்மேளனம் அமைந்தது 1975இல். தேசிய மகளிர் அணியின் முதல் பயிற்றுவிப்பாளர் சுசில் பட்டாச்சார்யா. ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்கு ஆடியவர், பின்னர் அதன் முதல் பயிற்றுவிப்பாளராகவும் இருந்தவர். ஆண்கள் ஆட்டத்தில் பெற்ற அறிவைப் பெண்களிடம் கொண்டுவந்த முன்னோடி அவரே. அக்காலத் தலைமுறையில் உருவானவர் கொல்கத்தாவின் முன்கள வீராங்கனை சாந்தி மல்லிக். கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் தைவானிடமும், 1983இல் பாங்கொக்கில் தாய்லாந்திடமும் இந்தியா தோற்றது. இரண்டு முறை ஆசியாவில் இரண்டாமிடம்! இன்றைய இந்திய அணிக்கும் எட்டாத உயரம் அது. 1983இலேயே சாந்திக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. உதைபந்தாட்டத்தில் அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவர். அடுத்த பெண்ணுக்கு, மணிப்பூரின் பெம்பெம் தேவிக்கு, அது கிடைத்தது 2017இல். இடைவெளி 34 ஆண்டுகள்.

ஓய்வுக்குப் பின் சாந்தி கொல்கத்தாவில் பிள்ளைகளுக்குப் பயிற்சியளித்தார். ஆனால் தேசிய மகளிர் அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளராக முதன்முதலில் ஒரு பெண் அமர்ந்தது 2017இல்தான். அவர் மேமோல் ராக்கி.

இதே காலத்தவரான சுவீடனின் முன்கள வீராங்கனை பியா சுந்தாகேயை அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். 1960இல் பிறந்தவர், 15 வயதில், அதே 1975இல், தேசிய அணிக்கு ஆடத் தொடங்கினார். 146 ஆட்டங்கள், 71 கோல்கள். 1984 ஐரோப்பியக் கிண்ணத்தை வென்று தந்த கடைசிப் பெனால்டியும் அவருடையது. ஹம்மார்பி கழகத்தில் ஆடிக்கொண்டே பயிற்றுவித்தார். பின்னர் அமெரிக்காவின் பொஸ்டன் அணி, 2007இல் சீன அணியின் உதவிப் பொறுப்பு, அதன்பின் அமெரிக்கத் தேசிய அணி. 2008, 2012 ஒலிம்பிக் போட்டிகளில் இரண்டு தங்கங்கள். 2016இல் சுவீடனின் பயிற்றுவிப்பாளராக, தான் வளர்த்த அமெரிக்க அணியையே காலிறுதியில் வெளியேற்றி வெள்ளி வென்றார். அன்று சுவீடன் ஆடியது இறுக்கமான தற்காப்பு ஆட்டம். முன்களத்தில் நிற்பவளுக்கு எது மூச்சுமுட்டும் என்பதை அங்கே நின்றவளே நன்கறிவாள் என்பேன்.

திறமையில் சாந்தி குறைந்தவரல்லர். சுந்தாகேக்குப் படிகள் இருந்தன: கழகம், உதவிப் பொறுப்பு, ஊதியம், அடுத்த வாய்ப்பு. சாந்திக்கு அவை கட்டப்படவில்லை.

இலங்கைக்கும் பெண்கள் உதைபந்தாட்டம் புதிதல்ல: 2012 தெற்காசிய மகளிர் உதைபந்தாட்டப் போட்டி கொழும்பில்தான் நடந்தது. வடக்கில் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் மாணவியர், உதைபந்தாட்டத்தில் ஒரு பாடசாலை நினைத்தால் என்ன செய்யலாம் என்பதைக் காட்டியிருக்கிறார்கள். திம்புள்ளத் தோட்டப் பாடசாலைகளிலும் பெண்பிள்ளைகளுக்குப் பந்து கொடுங்கள். ஆடி ஓய்ந்தவளுக்குப் பயிற்றுவிப்பாளர் சான்றிதழ் படிக்கப் பணம் கொடுங்கள். அவள் படித்த பாடசாலையிலேயே சம்பளத்தோடு வேலை கொடுங்கள்.